பழைய ஏர் ரைஃபிளுக்கு ஒரு தோல் வாசர்

ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். அடுத்த கேள்வி, "பலகையைத் துளைக்குமா?" பத்து மீட்டரில் மாட்டிய அட்டையைச் சுடுகிறவருக்கு இந்த இரண்டு கேள்விகளாலும் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு ரவையும், அதாவது குழலில் போடும் சிறு ஈயக் குண்டும், முந்தைய ரவையின் அதே வேகத்தில் போகிறதா, சுடும்போது துப்பாக்கி எவ்வளவு குறைவாக அதிர்கிறது, இவைதான் அவர் பார்க்க வேண்டியவை. என் மாமா வைத்திருந்த பழைய துப்பாக்கியைப் பிரித்துச் சரி செய்த வேலை முழுக்க இந்தக் கணக்கில்தான் நடந்தது.

துப்பாக்கி, குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம். மடக்கும்போது ஸ்பிரிங் அழுந்தும். டிரிகரை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் நசுக்கும் காற்று ரவையைத் தள்ளும். 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. துளை. ஜெர்மானிய மாதிரி ஒன்றைப் பார்த்து நம் நாட்டிலேயே செய்தது. கல்லூரியில் படிக்கும் அக்கா மகளுக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்து, புதிதாக ஒன்று வாங்குவதா, இதையே சரி செய்வதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அவளுடைய கண் பி.சி.பி. ரகத்தின் மேல். உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் விடும் ரகம் அது. உதைப்பு இல்லை, ஒலிம்பிக்கில் சுடுகிறவர்கள் கையில் இருப்பதும் அதுதான். ஆனால் நல்லது வேண்டுமென்றால் விலை லட்சத்தைத் தாண்டும். காற்று நிரப்பக் கைப்பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும். இடைப்பட்ட விலையில் கேஸ் பிஸ்டன் ரகம் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளும். அதிலும் உதைப்பு உண்டு. வாயு கசிந்தால் வீட்டில் வைத்துப் பழுது பார்க்க முடியாது. ஸ்பிரிங் ரகம் மட்டும்தான் ஸ்பேனரும் பொறுமையும் உள்ள எவரும் பிரித்து மாட்டக்கூடியது. தவிர, ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒழுங்காகச் சுடப் பழகியவருக்கு மற்றவை எளிது. டிரிகரை இழுத்த பிறகும் ரவை குழலுக்குள்தான் இருக்கிறது, துப்பாக்கி அதற்குள் ஆடத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கை அசையாமல் இருக்கும் பழக்கம் இதில்தான் படியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கு மேல் போனாலோ, முனையில் ரவையின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். 0.53 கிராம் ரவை ஒன்று 20 ஜூலைத் தொட நொடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். பத்து மீட்டர் போட்டிக்கு நொடிக்கு 175 மீட்டர், அதாவது 8 ஜூல் போதும். எல்லையில் பாதிகூட இல்லை. அட்டை சுட வந்தவர் 20 ஜூலை நெருங்கிய துப்பாக்கியைத் தேடி வாங்குவது, வீட்டுக்குள் நடக்க மலையேறும் பூட்ஸ் வாங்குவதைப் போன்றது.

பழுதின் அடையாளங்கள் தெளிவாகவே இருந்தன. சுட்டவுடன் உள்ளே "கிர்ர்" என்று நீண்ட அதிர்வு. ரவை அட்டையில் பட்ட சத்தம் பிந்தி வந்தது. சில சமயம் காய்ந்த எண்ணெய் வாடையோடு புகை. புகைக்குக் காரணம் மாமாவின் கைப்பழக்கம். மாதம் ஒருமுறை குழலை மடக்கி, காற்று வரும் துளையில் தையல் மிஷின் எண்ணெய் விடுவார். பிஸ்டன் முன்னால் பாயும்போது காற்று நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் நசுங்கிச் சில நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அங்கே எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றுவதும் இப்படித்தான். அந்தச் சிறு வெடிப்பு, பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாசரைக் கருக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும். சத்தம் பலமாக வருவதால் "நன்றாக வேலை செய்கிறது" என்று மாமா மகிழ்ந்திருக்கிறார்.

பிரிப்பதற்கு முன் குழலை மடக்கி, உள்ளே ரவை இல்லை என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் முன்பக்கம் இரண்டு, டிரிகர் வளையத்தில் ஒன்று. கட்டையைக் கழற்றியதும் இரும்பு உருளை தனியாக வந்துவிடும். இதுவரை ஆபத்து இல்லை. இதற்கு மேல்தான் கவனம் தேவை. பின்மூடியைப் பிடித்திருக்கும் ஆணிக்குப் பின்னால் ஸ்பிரிங், ஏற்றாத நிலையிலும் சில சென்டிமீட்டர் அழுத்தப்பட்டே இருக்கிறது. ஆணியைத் தட்டி எடுத்தால் மூடி முகத்தை நோக்கிப் பறக்கும். கதவுச் சட்டங்களை ஒட்டும்போது தச்சர் போடும் நீளக் கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரு முனை குழலின் பக்கம், இடையில் துணி. மறுமுனை பின்மூடியில், இடையில் ஒரு மரத்துண்டு. சற்று இறுக்கி, ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, கைப்பிடியைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் நீண்டு நீண்டு வந்து, கடைசியில் உயிரற்று நின்றது. தலை எப்போதும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மூடிக்கு நேராக அல்ல.

உள்ளே இருந்தவை வேடிக்கை. ஸ்பிரிங் இரண்டு இடங்களில் முறிந்து, முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று திருகி ஏறியிருந்தன. அப்படியும் அது இத்தனை காலம் சுட்டிருக்கிறது. பிஸ்டனின் முனையில் இருந்த தோல் வாசர் கல்லாய் இறுகி, உதட்டோரம் கருகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் காற்றில் பாதி பின்னால் போயிருக்கிறது.

பம்ப் ஸ்டவ் பார்த்த தலைமுறைக்கு இந்த வாசரைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டவ் பம்பிலும் சைக்கிள் பம்பிலும் இருக்கும் அதே கிண்ண வடிவத் தோல்தான். தள்ளும்போது கிண்ணத்தின் விளிம்பு விரிந்து உருளையின் சுவரோடு ஒட்டிக் காற்றை அடைக்கும். அதனால் முதலில் சைக்கிள் கடைகளில்தான் தேடினேன். விட்டம் பொருந்தவில்லை; தோலும் மெலிது. இன்று புதிய துப்பாக்கிகளில் பாலியூரித்தேன் வாசர் வருகிறது. இந்தப் பிஸ்டனின் தலை தோலுக்காகவே கடைந்தது. நடுவில் ஒரு திருகாணி, அதன் கீழ் ஒரு தட்டு. இதில் பாலியூரித்தேன் மாட்ட வேண்டுமானால் தலையை மாற்றிக் கடைய வேண்டும். தோலே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

எந்தத் தோல் என்பது முக்கியம். காலணியின் மேல்பகுதிக்குப் போடும் குரோம் தோல் துணியைப் போல வளையும். அச்சில் வைத்தால் வடிவம் நிற்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே காய்ந்து நிற்கும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது நம் ஊரின் பழைய தொழில். ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து தோல் கப்பலேறிய காலம் உண்டு. எனக்குக் கிடைத்தது செருப்புத் தைக்கும் பெரியவரிடம் இருந்த 3 மி.மீ. தடிமனுள்ள துண்டு. வெட்டிப் பார்த்தால் குறுக்குவெட்டு முழுக்க ஒரே பழுப்பு நிறம். நடுவில் நீலச் சாயல் தெரிந்தால் அது குரோம்.

அச்சு செய்யக் கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். உருளையின் உள்விட்டம் வெர்னியரில் 25 மி.மீ. எனவே 25 மி.மீ. துளையுள்ள ஒரு வளையமும், உள்ளே இறங்க 19 மி.மீ. உருளைக் கட்டையும் வேண்டும். இரண்டு பக்கமும் 3 மி.மீ. தோலுக்கு இடம் விட்டால் இந்தக் கணக்கு வரும். பட்டறைக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது ஸ்டவ் வாசர்தானே? இதற்கா இத்தனை வேலை?"

"ஸ்டவ்வுக்கு இல்லைங்க அண்ணா, ஏர் கன்னுக்கு."

"அப்படியானால் தோலை நடுவில் ஓட்டை போட்டு அழுத்தாதீர்கள். அழுத்தி, காய்ந்த பிறகு போடுங்கள். முதலில் போட்டால் ஓட்டை இழுபட்டு ஒதுங்கிவிடும்."

அவர் சொன்னபடியே செய்தேன். வெதுவெதுப்பான நீரில் தோல் குமிழி விடுவது நிற்கும்வரை ஊறவைத்து, வட்டமாக வெட்டி, வளையத்தின் மேல் வைத்து, கட்டையை வைஸில் மெல்ல இறக்கினேன். விளிம்பில் மடிப்பு விழும்போது விரலால் நீவிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். நிழலில் அச்சோடு காயவைத்து, முழுக்க உலர்ந்ததும் விளிம்பைப் புது பிளேடால் சீராக அரிந்து, நடுவில் துளையிட்டேன். பிறகு எண்ணெய். குதிரைச் சேணத்துக்குப் பூசும் மாட்டுக் குளம்பு எண்ணெயில் ஓர் இரவு கிடந்து, மறுநாள் துணியில் வைத்து நன்றாகப் பிழிந்தெடுத்தேன். தோலுக்குள் எண்ணெய் இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது. என்னதான் பிழிந்தாலும் முதல் சில முறை கொஞ்சம் புகை வரும், பிறகு நின்றுவிடும்.

ஸ்பிரிங் விஷயத்தில் பட்டறைக்காரருக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம். பழைய கம்பி 3 மி.மீ. தடிமன். "3.3 போடச் சொல்லுங்கள், சும்மா பறக்கும்" என்றார். கேட்கச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பத்தில் ஒரு பங்கு தடித்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். ஏற்றுவதற்கே இரண்டு கை வேண்டும், பிஸ்டன் முட்டித் திரும்பித் துள்ளும், உதைப்பு கூடும், அட்டையில் துளைகளின் கூட்டம் சிதறும். நான் கேட்டது பழைய தடிமன், ஆனால் ஒரு சுற்று குறைவு. சுற்று குறைந்தால் விறைப்பு ஒரு துளி ஏறும் என்றாலும், முன் அழுத்தம் குறைந்துவிடுவதால் ஏற்றுவது இலகுவாகிறது. ஆர்டருக்கு ஸ்பிரிங் சுற்றித் தரும் கடையில் இரண்டு முனைகளையும் தட்டையாகச் சாணை பிடித்துத் தரச் சொன்னேன். முனை தட்டையாக இல்லாத ஸ்பிரிங் அழுந்தும்போது ஒரு பக்கமாக வளைந்து பிஸ்டனின் உட்சுவரைத் தேய்க்கும்.

அந்தக் "கிர்ர்" சத்தத்துக்குக் காரணம் ஸ்பிரிங் அல்ல, அதன் நடுவே இருக்கும் வழிகாட்டிக் குழாய். பழையது மெல்லிய தகட்டில் சுருட்டியது. ஸ்பிரிங்குக்குள் லொடலொடவென்று ஆடியது. நைலான் தண்டு ஒன்றைக் கடைந்து, ஸ்பிரிங்குக்குள் கையால் திருகித்தான் நுழைக்க முடியும் என்ற அளவுக்கு இறுக்கமாக வைத்தோம். இந்த முழுப் பழுதிலும் செலவுக்கு மேல் பலன் தந்தது இந்தத் தண்டுதான். இப்போது சுட்டால் "டப்" என்று ஒரே சத்தம்.

மாட்டுவதற்கு முன் உருளையின் உள்ளே பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். அத்தனை வருட எண்ணெய் தார் போல வந்தது. ஏற்றும் கம்பி ஓடும் நீண்ட பள்ளத்தின் ஓரங்கள் கத்தி போல இருக்கும். அதைக் கடந்துதான் வாசர் உள்ளே போக வேண்டும் என்பதால், நுண்ணிய எமரித் தாளால் அந்த ஓரங்களை மழுக்கினேன். இல்லாவிட்டால் புதுத் தோல் உள்ளே போகும்போதே சீவப்பட்டுவிடும். மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸை பிஸ்டனின் பின்பாகத்திலும் நைலான் தண்டிலும் விரலால் மெல்லியதாகப் பூசினேன். வாசருக்கு முன்னால் ஒரு பொட்டுகூட இல்லை. குழல் மடங்கும் இடத்தில் இருந்த சிறு வளைய வாசரையும் மாற்றினேன். அதைச் சோதிக்க எளிய வழி: மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, ரவை போட்டுச் சுட வேண்டும். தாள் துள்ளினால் கசிவு. ரவை இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கக் கூடாது. எதிரே தடை இல்லாமல் பிஸ்டன் போய் இரும்பில் மோதும். குழல் மடங்கியிருக்கும்போது டிரிகரைத் தொடவே கூடாது. குழல் எகிறி விரலை நசுக்கும், அல்லது அதுவே வளைந்துபோகும்.

ஒரு நண்பரின் வேகமானியை வாங்கி அளந்தேன். பழுதுக்கு முன் வேகம் நொடிக்கு 110 மீட்டருக்கும் 135 மீட்டருக்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. இப்போது 165 முதல் 169 வரை. ஆற்றல் ஏழரை ஜூலுக்குச் சற்றுக் கீழே. 167 என்ற எண்ணைவிட, மேலும் கீழும் நான்கு மீட்டருக்குள் அடங்குகிறது என்பதே எனக்குப் பெரிது.

ரவையில் கஞ்சத்தனம் செய்தால் இத்தனை வேலையும் வீண். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் மலிவு டப்பாவில் ஒன்று 0.46 கிராம், அடுத்தது 0.55, சிலவற்றின் பாவாடை, அதாவது விரிந்த பின் விளிம்பு, நசுங்கியே வருகிறது. போட்டிக்கான தட்டை முனை ரவைகள் 0.53 கிராமை விட்டு விலகுவதில்லை. தட்டை முனை காகிதத்தைப் பஞ்சிங் மிஷின் போட்டது போல வட்டமாக வெட்டும். உருண்டை முனை கிழித்துக்கொண்டு போகும், மதிப்பெண் பார்ப்பது சிரமம். இரும்புக் குண்டுகளை, உள்ளே சுருள் வரிகள் வெட்டிய குழலில் போடவே கூடாது. வரிகள் தேயும், கடினமான எதிலாவது பட்டால் குண்டு திரும்பியும் வரும்.

குறி பார்க்க வீட்டின் பின்னால், கிணற்றுச் சுவரை ஒட்டி இடம் ஒதுக்கினோம். சுவருக்கும் நமக்கும் நடுவே திறக்கும் கதவு எதுவும் இல்லை என்பதைப் பார்த்துத்தான் அந்த இடம். பலகைப் பெட்டிக்குள் கீழ்நோக்கிச் சாய்த்த இரும்புத் தகடு, அதற்கு முன் பழந்துணிப் பொதி, முன்னால் அட்டை. ரவை துணியில் வேகம் இழந்து, தகட்டில் பட்டுக் கீழே விழும். கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ரவையை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே விட வேண்டும்.

போட்டி அட்டையின் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பயப்பட வேண்டாம், ரவையின் துளை அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துதான். 4.5 மி.மீ. ரவையின் நடு இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். அடுத்தடுத்த வளையங்கள் ஐந்தைந்து மில்லிமீட்டராக விரிந்து, ஒன்றாம் வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ. இந்த அளவில் வைத்துப் பார்த்தால்தான், குறி பார்க்கும் இரண்டு பாகங்களில் கண்ணுக்கு அருகிலுள்ள பின் குறியை நகர்த்துவதன் அருமை புரியும். எங்கள் துப்பாக்கியில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 45 செ.மீ. பின் குறி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பத்து மீட்டரில் ரவை 22 மி.மீ. விலகும். அதாவது நடுவிலிருந்து கிளம்பி அட்டையின் கடைசி வளையத்துக்கே போய்விடும். திருகாணியைத் தலைமயிர் அளவு திருப்ப வேண்டும். ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம்.

பிடிப்பது தனிக் கலை. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் நிற்கும்போது முன்னால் இழுக்கும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் இறுக்குவோம், ரவை ஒவ்வொரு இடத்துக்குப் போகும். விரித்த உள்ளங்கையில் துப்பாக்கியின் எடை சமப்படும் இடத்தை வைத்து, தோளில் லேசாகச் சேர்த்து, அது இஷ்டத்துக்கு ஆடட்டும் என்று விட்டுவிட வேண்டும். கட்டைச் சுவரின் மேல் வைத்துச் சுட்டால் இன்னும் துல்லியம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இரண்டு விதமாகவும் சுட்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நல்ல ரவையோடு, உட்கார்ந்த நிலையில், அக்கா மகள் ஐந்து ரவைகளை 12 மி.மீ. வட்டத்துக்குள் வைக்கிறாள். என் கூட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. மலிவு ரவையில் இரண்டு பேருக்குமே 25 மி.மீ.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மயில் வந்து சோளத்தைத் தின்று தீர்க்கிறது, ஒன்று போட்டுவிடுங்களேன்." மயில் நம் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. மயில் மட்டுமல்ல, ஊரில் சாதாரணமாக "அடிக்கும்" கௌதாரி, காடை, கொக்கு, மடையான், முயல் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. காயப்படுத்தினாலும் சட்டத்தில் அது வேட்டைதான். முன்பு காகத்தையும் எலியையும் தீங்குயிர் என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது.

வேட்டைக்கு ஏர் ரைஃபிள் என்பது இங்கிலாந்து போன்ற நாடுகளின் சங்கதி. இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சொச்சம் வரை தனி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து அதற்கும் உரிமம் வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதியோடு முயலும் காட்டுப்புறாவும் சுடுகிறார்கள். அவர்கள் 0.22 அங்குலத் துளையையும் கனத்த ரவையையும் பரிந்துரைப்பதற்குக் காரணம், அந்த உயிர் துடிக்காமல் ஒரே அடியில் சாக வேண்டும் என்பது. அவர்களில் விவரமானவர்கள் 30 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கடையில் "எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்பவருக்கு, அந்த ஆலோசனையில் ஒரு வரிகூடப் பொருந்தாது. தோட்டத்துக்காரரிடம் சோளக்கொல்லைக்கு வலை கட்டச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

டிரிகரை நான் தொடவில்லை. இழுக்க இரண்டு கிலோ அளவுக்குக் கனம் இருக்கிறது. உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தேய்த்து மெருகேற்றினால் இலகுவாகும் என்று பலர் சொன்னார்கள். ஒரு கீற்று அதிகமாகத் தேய்ந்தாலும் ஏற்றிய துப்பாக்கி தானே வெடிக்கும். அந்தக் கனத்தோடு அக்கா மகள் பழகிக்கொள்ளட்டும். மரக்கட்டைத் திருகாணிகள் அதிர்வில் தளர்வதால், சுடுவதற்கு முன் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. தோல் வாசருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டுக் குளம்பு எண்ணெய்; அதற்குமேல் கிடையாது. மாமாவிடமிருந்து தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை வாங்கி வைத்துவிட்டோம்.

இனி மீதியிருப்பது பின் குறி. திறந்த வெட்டுக் குறிக்குப் பதில் சிறு துளை வழியே பார்க்கும் ரகம் வேண்டும் என்கிறாள். துப்பாக்கி சுடும் சங்கத்தில் எல்லோரும் அதில்தான் சுடுகிறார்கள். அதை மாட்ட உருளையின் மேல் 11 மி.மீ. பள்ளத் தடம் தேவை, இந்தப் பழைய துப்பாக்கியில் அது இல்லை. அலுமினியத்தில் ஒரு தடம் வெட்டி ஒட்டுவதா, திருகாணி போட்டுப் பிடிப்பதா என்று பட்டறைக்காரரோடு பேச்சு ஓடுகிறது. உதைப்பில் ஒட்டு தாங்காது என்பது அவர் கட்சி. உருளையில் துளையிட்டால் பிஸ்டன் ஓடும் சுவர் கெடும் என்பது என் கட்சி.